குடித்த அன்றும் மாத்திரை உண்டு

கேள்வி: என் தம்பிக்கு 36 வயது. ஆறு வருடமாக எச்.ஐ.வி.க்கு மாத்திரை சாப்பிடுகிறான். லாரி ஓட்டிக்கொண்டிருந்தவனுக்குக் குடியால் வேலையும் போய்விட்டது. மனைவி பிறந்த வீட்டுக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. அம்மா, அப்பா இல்லாததால் என் வீட்டில்தான் இருக்கிறான். வாரத்தில் மூன்று நாள் குடி. சாப்பாடு, துணிமணி, மாத்திரை எல்லாம் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். குடித்துவிட்டு வரும் அன்று மட்டும் மாத்திரை கொடுப்பதில்லை. இரண்டும் சேர்ந்தால் ஈரல் போய்விடும் என்பதால் எடுத்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்துவிடுவேன். கவுன்சிலிங்குக்கும் அழைத்துப் போனேன். தலையை ஆட்டுகிறானே தவிர வாயே திறப்பதில்லை. உள்ளே என்ன பேசினான் என்று கேட்டால் கவுன்சிலர் சொல்ல மறுக்கிறார். இப்படியொரு கவுன்சிலிங்கால் என்ன பயன்? சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுத்தால் குடியை மறக்கடிக்கும் பொடி இருக்கிறதாமே, வாங்கலாமா?
— பெயர் வேண்டாம், நாமக்கல் மாவட்டம்

பதில்: பொடி வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பேசுவோம்.

கவுன்சிலர் மேல் அத்தனை குறை எழுதியிருக்கிறீர்கள். பாட்டிலைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். வாரத்துக்கு மூன்று என்றால் மாதத்துக்கு 12, 13 மாத்திரை. மாதத்தில் இரண்டு மூன்று தவறினாலே, இந்த மாத்திரையைத் தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள். உங்களை ஏன் கேட்கவில்லை? அவர்கள் எண்ணிப் பார்க்கும் டப்பாவில் மிச்சம் எதுவும் இருக்காது. மிச்சமெல்லாம் உங்கள் வீட்டு அலமாரியில் அல்லவா இருக்கிறது! உண்மையின் பாதியை ஒளித்து வைத்துக்கொண்டு, கவுன்சிலிங்கில் பயனில்லை என்கிறீர்கள்.

குடித்தால் மாத்திரை ஆகாது என்ற எண்ணம் பல வீடுகளில் இருக்கிறது. நமக்கு மருந்து என்றாலே பத்தியம். பத்தியம் முறிந்தால் மருந்தும் நிற்கும், அப்படித்தான் பாட்டி காலத்திலிருந்து பழகியிருக்கிறோம். இந்த மாத்திரைக்கு அந்தக் கணக்கு செல்லாது. குடித்திருந்தாலும் போட்டாக வேண்டும். விட்டு விட்டுப் போட்டால் ரத்தத்தில் மருந்து குறையும், கிருமி மறுபடி பெருகும், கடைசியில் அந்த மருந்துக்கே அடங்காமல் போகலாம். ஈரலைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள், சரி. இப்போது பெரும்பாலானவர்களுக்குத் தரும் ஒற்றை மாத்திரையில் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் என்று மூன்று மருந்துகள். முதல் இரண்டும் ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியையும் அடக்கி வைப்பவை. அந்தக் கிருமியும் உடம்பில் இருக்கிறவருக்கு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் ஈரல் அதனாலேயே கெடலாம். உங்கள் தம்பிக்கு அது இருக்கிறதா என்று பார்த்தார்களா? ஈரலைக் கண்காணிக்க டாக்டருக்குத் தெரியும். அவன் குடிக்கிறான் என்று அவரிடம் யாராவது சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று கேட்கிறேன், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. காரணம் ஈரல் மட்டும்தானா? தள்ளாடிக்கொண்டு வாசலில் நிற்பவனைப் பார்த்ததும், 'இவனுக்கு மாத்திரை ஒரு கேடா' என்று ஒரு நாளாவது தோன்றவில்லையா? தோன்றினால் தப்பில்லை. திட்டுங்கள், நாலு நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருங்கள். அக்காவுக்கு அந்த உரிமை உண்டு. மாத்திரையில் கை வைக்க உரிமை கிடையாது. 2004-ல் தாம்பரம் போன்ற அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கும் வரை, இந்த மருந்துக்காக நகையை விற்றவர்கள் இருந்தார்கள். விற்க ஒன்றுமில்லாதவர்கள் செத்தார்கள்.

கவுன்சிலிங் பற்றி எனக்கும் குறை உண்டு. ஒருவனைத் தனியறையில் உட்கார வைத்து 'உங்கள் உணர்வுகளைச் சொல்லுங்கள்' என்றால் லாரி ஓட்டின ஆள் என்ன சொல்வான்? தலையைத்தான் ஆட்டுவான். மனச்சோர்வு இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பான். ராத்திரி தூக்கம் வருகிறதா, நெஞ்சு அடைக்கிறதா, சோறு இறங்குகிறதா என்று கேட்டால் பேச்சு வரும். குடியின் அளவும் அப்படித்தான். 'ஒரு நாளைக்கு எத்தனை டிரிங்க்?' என்று படிவத்தில் ஒரு கேள்வி. இவன் 'ஒண்ணு' என்பான், அவரும் 1 என்று எழுதிக்கொள்வார். இவன் சொன்ன ஒண்ணு ஒரு குவார்ட்டர், 180 மில்லி. மருத்துவக் கணக்கில் அது ஆறு டிரிங்க்! நம் ஊர் தெரிந்த கவுன்சிலர் குவார்ட்டரா, கட்டிங்கா, கடை திறந்ததுமா, சாயங்காலமா என்று கேட்பார். சபரிமலைக்கு மாலை போட்டது உண்டா, அந்த நாட்களில் எப்படிக் குடிக்காமல் இருந்தாய் என்று கேட்பார். அப்படி ஒருவர் கிடைக்கிறாரா என்று பாருங்கள். மாற்றிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

அவர் உங்களிடம் சொல்ல மறுத்தது மட்டும் சரி. இந்த விஷயத்தில் ஒருவர் நம்பிச் சொன்னதை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்று 2017-ல் சட்டமே வந்திருக்கிறது. அதற்காக, சோறு போட்டு மாத்திரையும் எடுத்துக் கொடுக்கும் அக்காவைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடத்தும் வைத்தியத்திலும் எனக்கு நம்பிக்கை இல்லை. முதலில் அவன் தனியாகப் பேசட்டும். அப்புறம் அவன் சம்மதத்தோடு நீங்களும் உள்ளே போங்கள். கவுன்சிலர் அவனைக் கேட்கும் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள். பாட்டிலைக் கொண்டுபோய் மேஜையில் வைத்து நடந்ததைச் சொல்லுங்கள். ரத்தத்தில் கிருமி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் வைரல் லோடு பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். மாத்திரையைக் காலை நேரத்துக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். காலையில் அவன் நிதானத்தில்தானே இருப்பான்?

இப்போது பொடி. அதற்குள் என்ன இருக்கிறது என்று விற்கிறவனுக்கே தெரியாது. குடியை நிறுத்த டாக்டர்கள் தரும் டைசல்ஃபிரம் என்ற மருந்து கலந்திருந்து, அது தெரியாமல் உங்கள் தம்பி ஒரு குவார்ட்டரையும் ஊற்றிக்கொண்டால் வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்து. வீட்டில் பூட்டி வைத்து நிறுத்தலாம் என்றும் நினைக்காதீர்கள். பல வருடம் குடித்தவன் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். போன் செய்து கேட்க 14416 என்ற மனநல உதவி எண் இருக்கிறது, எச்.ஐ.வி. சந்தேகங்களுக்கு 1097. இரண்டும் இலவசம்.

கடைசியாக, பிறந்த வீட்டுக்குப் போன அந்தப் பெண். ஆறு வருடத்தில் நான்கு வருடம் உங்கள் தம்பியோடு வாழ்ந்திருக்கிறாள். அவள் பரிசோதனை செய்துகொண்டாளா என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. தம்பிக்கு மருந்து தேடும் உங்களுக்கு அது ஏன் தோன்றவில்லை? அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம். இந்த வாரமே தம்பியை அவளிடம் பேச வையுங்கள். தயங்கினான் என்றால், எப்படிச் சொல்வது என்று கவுன்சிலரிடமே கேட்கச் சொல்லுங்கள்.