தரை, காலணி, நேரம்: இளம் கால்பந்து வீரர்களின் உடற்திறன் சோதனை, கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே ரகம்: ‘என் மகன் இத்தனை வினாடியில் ஓடுகிறான், தேறுவானா?’ எந்தத் தரையில் ஓடினான், காலில் என்ன போட்டிருந்தான், மணி என்ன என்று ஒருவர்கூட எழுதவில்லை. சென்ற முறையே கெஞ்சிக் கேட்டிருந்தேன். செம்மண்ணில் வெறுங்காலோடு ஓடிய நேரமும் டர்ஃபில் (செயற்கைப் புல் தரையில்) பூட் போட்டு ஓடிய நேரமும் ஒன்றல்ல. இந்த மூன்றும் இல்லாத கடிதங்களுக்கு அடுத்த முறை பதில் இல்லை.

என் மகனுக்கு 12 வயது. 30 மீட்டரை 3.9 வினாடியில் ஓடுகிறான். எந்த அகாடமியில் சேர்க்கலாம்? (திண்டுக்கல்)

2009இல் பெர்லினில் உசைன் போல்ட் உலக சாதனை ஓட்டம் ஓடியபோது 30 மீட்டரை 3.78 வினாடியில் கடந்தார். உங்கள் வீட்டுப் பிள்ளை அவருக்கு ஒரு மயிரிழை பின்னால் வருகிறான் என்கிறீர்கள். நல்லது. 30 மீட்டரை எப்படி அளந்தீர்கள்? காலடியால் என்றால், அது 22 மீட்டராகக்கூட இருக்கலாம். டேப் வைத்து அளங்கள். ஸ்டாப்வாட்ச் பிடிப்பவர் முடிவுக்கோட்டுக்கு நேராக நிற்க வேண்டும். தொடக்கத்தில் பையனுக்குப் பக்கத்தில் நின்று ‘ஓடு’ என்று கத்திவிட்டுப் பின்னாலேயே ஓடக் கூடாது. கையால் அழுத்தும் ஸ்டாப்வாட்ச் எப்போதும் 0.2 வினாடி போல நமக்குச் சாதகமாகவே காட்டும். மூன்று முறை ஓடவிட்டு, இடையில் மூன்று நிமிடம் ஓய்வு கொடுத்து, சிறந்ததை எழுதுங்கள். 12 வயதில் 5 வினாடியை ஒட்டி வந்தால் நன்றாகவே ஓடுகிறான். பிறகு எழுதுங்கள். தரை, காலணி, நேரத்தோடு.

யோ-யோ சோதனையில் 17.2 எடுத்தேன். வயது 15. நல்லதா? (நாகர்கோவில்)

எந்த யோ-யோ? கிரிக்கெட் செய்திகளின் புண்ணியத்தில் எல்லோருக்கும் அந்தப் பெயர் தெரிகிறது, வகைகள் தெரிவதில்லை. பதிவுசெய்த ஒலிக்கேற்ப 20 மீட்டரை ஓடித் திரும்புவதுதான் யோ-யோ; ஒலி போகப் போக வேகமெடுக்கும். அதில் இடைவெளி விட்டு ஓடும் சோதனையிலேயே இரண்டு நிலைகள் உண்டு. முதல் நிலை மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் தொடங்கும், இரண்டாம் நிலை 13இல். முதல் நிலையில் 17.2 என்றால் 1,480 மீட்டர். உன் வயதுக்குத் திருப்தியான அளவு. இனிமேல் எண்ணைச் சொல்லாதே, மீட்டரைச் சொல். ஒலிப்பதிவை எவருடைய கைப்பேசியிலிருந்தோ வாங்கியிருந்தால், எந்த நிலைக்கான பதிவு அது என்பதையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்.

கைப்பேசிச் செயலியில் குதிக்கும் உயரம் அளக்கிறோம். இரண்டே வாரத்தில் 7 செ.மீ. கூடியிருக்கிறது! (சேலம்)

கூடவில்லை. அந்தச் செயலி உயரத்தை அளப்பதில்லை, கால் காற்றில் இருந்த நேரத்தை அளந்து கணக்குப் போடுகிறது. அரை வினாடி என்றால் சுமார் 30 செ.மீ.; 0.55 என்றால் 37. உங்கள் 7 செ.மீ. ஏறக்குறைய அந்த 0.05 வினாடிக்குள் அடங்கிவிடும். தரையைத் தொடும்போது முழங்காலை மடக்கினாலே அது கிடைத்துவிடும். பையன்கள் இதை மூன்றாவது குதியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். கையை இடுப்பில் வைக்கச் சொல்லுங்கள், காலை நீட்டியபடி இறங்கச் சொல்லுங்கள்.

தேர்வு முகாமில் 13 வயது மகனை ஒரே காலையில் ஓடவிட்டு, குள்ளம், வேகம் போதாது என்று அனுப்பிவிட்டார்கள். பந்தாட்டத்தைப் பார்க்கவே இல்லை. கால்பந்தை விட்டுவிடலாமா? (தூத்துக்குடி)

விடாதீர்கள். இந்தக் கடிதத்துக்கு நான் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும், ஏனென்றால் இந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு விடுதித் தேர்வில் ஸ்டாப்வாட்ச் என் கையில் இருந்தது. அறுபது, எழுபது பையன்கள். எல்லோரும் ஒரே வயதுப் பிரிவு. ஆனால் வரிசையில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருந்தது, அடுத்தவனுக்குக் குரல்கூட உடையவில்லை. நேரப்படி வரிசைப்படுத்தி மேலே இருந்த இருபது பேரை எடுத்தோம். மூன்று ஆண்டு கழித்து அந்த இருபது பேரில் பலர் நின்ற உயரத்திலேயே நின்றிருந்தார்கள். வேகத்தால் தப்பித்து வந்தவர்களுக்கு மற்றவர்கள் எட்டிப் பிடித்த பிறகு கையில் வேறு சரக்கு இல்லை. நாங்கள் அளந்தது திறமையை அல்ல, யாருக்கு முதலில் பருவம் வந்தது என்பதை.

பையன்களுக்கு உயரம் விறுவிறுவென்று ஏறுவது சராசரியாக 14 வயதையொட்டி. சிலருக்கு 12இல் வந்துவிடும், சிலருக்கு 16 ஆகும். அந்த உச்சத்தில் ஆண்டுக்கு ஒன்பது, பத்து செ.மீ. வளர்வார்கள். ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் இரண்டு 13 வயதுப் பையன்களின் உடல்களுக்கு இடையே மூன்று, நான்கு ஆண்டு வித்தியாசம் இருக்கலாம். போதாக்குறைக்கு வயதுப் பிரிவின் கணக்கு ஜனவரி 1இல் தொடங்கினால், ஜனவரியில் பிறந்தவன் டிசம்பரில் பிறந்தவனைவிட ஏறக்குறைய ஓராண்டு மூத்தவன். பல நாடுகளின் இளையோர் அணிகளை எடுத்துப் பார்த்தால் அந்தக் கணக்கின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே கூட்டமாக இருப்பார்கள். ஜோசியம் இல்லை, கட்-ஆஃப் தேதி.

இங்கிலாந்தில் சில கிளப்கள் வயதை விட்டுவிட்டு உடல் முதிர்ச்சியை வைத்துப் பையன்களைப் பிரித்து ஆடவிட்டுப் பார்க்கின்றன. அந்த அளவுக்கு வசதி வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நின்ற உயரம், உட்கார்ந்த உயரம், எடை மூன்றையும் எழுதிவையுங்கள். நான் ஒரு குறுக்குவழியும் வைத்திருக்கிறேன்: பள்ளிச் சீருடைக் கால்சட்டையின் கீழ் மடிப்பைப் பார்ப்பேன். பழைய மடிப்பு இருந்த கோடு வெளுக்காமல் பளிச்சென்று தெரிந்தால், அண்மையில்தான் பிரித்துத் தைத்திருக்கிறார்கள், பையன் வளர்ந்துகொண்டிருக்கிறான். அந்த மாதங்களில் கை கால் நீண்டு பந்து காலில் ஒட்டாது, நேரம்கூட மோசமாகும். அப்போது எடுத்த எண்ணை வைத்து எவனையும் நீக்கக் கூடாது.

இங்கிலாந்து வீரர் ஜேமி வார்டியை 16 வயதில் ஷெஃபீல்ட் வெட்னஸ்டே கிளப் சின்ன உடம்பு என்று அனுப்பிவிட்டது. அவர் 2016இல் லெஸ்டர் அணியோடு பிரீமியர் லீக் கோப்பையைத் தூக்கினார். பிரெஞ்சு வீரர் கிரீஸ்மனைப் பிரான்ஸின் பல கிளப்கள் உயரம் பார்த்துத் திருப்பி அனுப்பின. ஸ்பெயினின் ரியல் சொசியேடாட் எடுத்துக்கொண்டது. 2018 உலகக் கோப்பையைப் பிரான்ஸுக்காக வென்றவர்களில் அவரும் ஒருவர். உங்கள் மகனும் அப்படி ஆவான் என்று சொல்லவில்லை. 13 வயதில் அது யாருக்கும் தெரியாது என்கிறேன், கடிகாரம் பிடித்தவர் உட்பட.

11 வயது மகனுக்குப் பயிற்சிக்குப் பின் குதிகால் வலி. ஷட்டில் ஓட்டச் சோதனை அடுத்த வாரம். ஓடலாமா? (கோவை)

கூடாது. வளரும் வயதில் குதிகால் எலும்பின் வளர்ச்சித் தட்டில் வரும் வலியாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டுங்கள். சோதனை எங்கும் ஓடிப்போகாது.

என் மகளுக்கு 14 வயது. போன ஆண்டைவிட ஓட்டம் குறைந்துவிட்டது. சோம்பேறி என்கிறார் பயிற்சியாளர். (விழுப்புரம், ஒரு தாய்)

அம்மா, முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள். 12க்குக் கீழே என்றால் சோம்பல் அல்ல, ரத்தசோகை. நாட்டில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு அறுபது பேர் போல இந்த நிலையில் இருப்பதாக 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பே சொன்னது. பெண் பிள்ளைகளுக்கு உயரம் ஏறும் வயது 12ஐ ஒட்டி. அதன் பிறகு உடலமைப்பு மாறும்போது ஓட்டமும் குதிப்பும் சில காலம் தேங்குவது இயல்பு. இன்னொன்று: 30 செ.மீ. உயரமுள்ள பெட்டியிலிருந்து குதிக்கச் சொல்லி முன்னால் நின்று பாருங்கள். இறங்கும்போது முழங்கால்கள் இரண்டும் உள்நோக்கி மடங்கினால் வேகப் பயிற்சியைத் தள்ளிவைத்து, குதித்து இறங்கும் பயிற்சியைத் தொடங்குங்கள். அந்த வயதுப் பெண்களின் முழங்கால் தசைநார் அறுந்தால் ஆண்டு ஒன்று போய்விடும்.

திசைமாற்றி ஓடும் சோதனையைப் பந்தோடு வைக்கலாமா, பந்து இல்லாமலா? (வியாசர்பாடி)

இரண்டும். அதே கோன்கள், அதே இடைவெளி, முதலில் வெறுமனே, பிறகு பந்தோடு. இரண்டு நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் பந்து செய்யும் வேலை. 12 வயதுக்குக் கீழே 4ஆம் எண் பந்து.

வயதை உறுதிசெய்ய எலும்புப் பரிசோதனை நம்பகமானதா? (மதுரை)

மணிக்கட்டு எக்ஸ்-ரே எலும்பின் முதிர்ச்சியைச் சொல்லும், பிறந்த தேதியைச் சொல்லாது. சீக்கிரம் முதிர்ந்த நேர்மையான பையனும் அதில் மாட்டுவான். ஆனால் அதற்குப் பயந்து சான்றிதழில் கைவைக்காதவர்களும் உண்டு. அந்த மட்டில் நல்லது.

மே மாத முகாமில் மாலை 3 மணிக்குச் சோதனை வைத்திருக்கிறோம். ஏதாவது முன்னெச்சரிக்கை? (வேலூர்)

மே மாதம், வேலூர், மாலை 3 மணி. காலை 6 மணிக்கு மாற்றுங்கள். ஓடுபவர்களுக்கு நிழலும் தண்ணீரும் வேண்டும், கடிகாரம் பிடிப்பவருக்கும் சேர்த்து.