12 கேட்டால் சிந்த் 13 தருகிறதா?

கேள்வி: கணினியில் பாட்டை ஓட்டியதும் என் சிந்தசைசர் தானாகவே அந்தப் பாட்டுக்கான பிரிசெட்டுக்கு (சேமித்து வைத்த ஒலிக்கு) மாற வேண்டும். சாஃப்ட்வேரில் புரோகிராம் 12 என்று கொடுத்தால் சிந்தில் 13 வருகிறது. பிரிசெட்டுகளின் வேறொரு தொகுப்புக்கு, அதாவது வேறு பேங்குக்குப் போகவே மாட்டேன் என்கிறது. எங்கே தப்பு?

முதல் சிக்கலில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை. கணினியும் இசைக்கருவிகளும் பேசிக்கொள்ளும் மொழியான மிடி 0 முதல் 127 வரை எண்ணுகிறது, சிந்தின் திரை பெரும்பாலும் 1 முதல் 128 வரை காட்டுகிறது. உங்கள் சாஃப்ட்வேரும் 0-இலிருந்து எண்ணும் ரகம் போலிருக்கிறது, அதனால் ஒன்றைக் கழித்து 11 என்று கொடுங்கள், 12 வந்துவிடும். ஏபிள்டன் லைவ் மாதிரி 1-இலிருந்து எண்ணுகிறவையும் உண்டு. பழைய கருவிகளில் இன்னொரு குழப்பம்: ரோலண்ட் ஜூனோ-106-இல் 'பி35' என்று இருக்கும். ஏ பக்கம் 64, பி பக்கம் 64, ஒவ்வொன்றிலும் எட்டு எட்டாக எட்டு வரிசை. ஆகவே ஏ பக்கத்துக்காக 64, மூன்றாம் வரிசைக்கு முன்னால் இருக்கும் இரண்டு வரிசைக்காக 16, ஐந்தாவது இடத்துக்கு முன்னால் இருக்கும் நான்குக்காக 4, கூட்டினால் 84. மிடிக்கு அனுப்ப வேண்டிய எண் அதுதான்.

சரி, பேங்குக்கு வருவோம். பிரிசெட்டை மாற்றச் சொல்லும் புரோகிராம் சேஞ்ச் செய்தியால் 128 பிரிசெட்டைத்தான் சுட்ட முடியும். 1983-இல் மிடி வந்தபோது அதுவே தாராளம். இப்போது ஒரே சிந்தில் ஆயிரம் ஒலிகள் இருக்கின்றன. அதற்காகத்தான் பேங்க் செலக்ட்: கன்ட்ரோலர் 0 (எம்எஸ்பி, பேங்க் எண்ணின் மேல் பாதி), கன்ட்ரோலர் 32 (எல்எஸ்பி, அதன் கீழ்ப் பாதி) என்று இரண்டு செய்திகள், ஒவ்வொன்றிலும் ஒரு எண். முதலில் 0, அடுத்து 32, கடைசியில் புரோகிராம் சேஞ்ச், இந்த வரிசை மாறக் கூடாது. பேங்கை மட்டும் அனுப்பிவிட்டு "ஒன்றுமே ஆகவில்லையே" என்று உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய; சிந்த் அதைக் குறித்து வைத்துக்கொண்டு, புரோகிராம் சேஞ்ச் வந்த பிறகுதான் நகரும்.

இரண்டாவது பேங்க் என்றால் எண் 2 என்றும் நினைத்துவிடாதீர்கள். ரோலண்ட் ஜேவி-1080-இல் யூசர் பேங்குக்கு எம்எஸ்பி 80, எல்எஸ்பி 0. பிரிசெட் ஏ-வுக்கு 81, 0. பிரிசெட் பி-க்கு 81, 1. இதை ஊகித்துக் கண்டுபிடிக்கவே முடியாது, மேனுவலின் கடைசிப் பக்கங்களில் அட்டவணையாகப் போட்டிருப்பார்கள். மேனுவல் இல்லையா? சாஃப்ட்வேரில் ஒரு மிடி டிராக்கை ரெக்கார்டில் போட்டுவிட்டு, சிந்தின் பொத்தானை அழுத்தி வேண்டிய பிரிசெட்டைத் தேர்ந்தெடுங்கள். பல சிந்துகள் அப்போது தங்கள் எண்களைத் தாங்களே வெளியே அனுப்பும், பதிவான செய்திகளைக் காட்டும் ஈவென்ட் லிஸ்டைத் திறந்தால் மூன்று எண்ணும் அப்படியே இருக்கும். நான் இப்போதெல்லாம் மேனுவலைத் தேடுவதற்கு முன்பே இதைத்தான் செய்து பார்க்கிறேன்.

எண்கள் சரியாக இருந்தும் மாறவில்லை என்றால் இரண்டு பக்கமும் மிடி சேனல் ஒன்றாக இருக்கிறதா என்பதையும், சிந்தின் மிடி மெனுவில் புரோகிராம் சேஞ்ச், பேங்க் செலக்ட் இரண்டையும் ஏற்கும்படி வைத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். பல ஒலிகளைச் சேர்த்து ஒலிக்கும் மல்டி மோடில் சில கருவிகள் ஒரு குறிப்பிட்ட சேனலில் வரும் புரோகிராம் சேஞ்சுக்கு மொத்த மல்டியையே மாற்றிவிடும், அது தனித் தலைவலி.

அப்புறம், இந்தச் செய்திகளைப் பாட்டின் முதல் ஸ்வரத்தோடு ஒரே புள்ளியில் வைக்காதீர்கள். ஐந்து முள் மிடி கேபிளில் மூன்று செய்திக்கும் சேர்த்து 8 பைட், விநாடிக்கு 31,250 பிட் வேகத்தில் சுமார் இரண்டரை மில்லிவிநாடிதான், அது பரவாயில்லை. புது ஒலியை எடுத்துத் தயாராவதற்குச் சிந்த் எடுக்கும் நேரம்தான் அதைவிட அதிகம். முன்னால் ஒரு காலி பார் (ஒரு தாளச் சுற்று) விட்டு, மூன்றையும் சில டிக் (சாஃப்ட்வேரின் மிகச் சிறிய கால அளவு) இடைவெளியில் வையுங்கள். மூன்றும் ஒரே டிக்கில் இருந்தால் வரிசை புரண்டு போகலாம்.

எண்களோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்றால் பெயர்ப் பட்டியல் போடலாம். ரீப்பர் சாஃப்ட்வேரில் ரீபேங்க் என்ற சாதாரண டெக்ஸ்ட் கோப்பு, கியூபேஸ் சாஃப்ட்வேரில் பேட்ச் ஸ்கிரிப்ட். பிரபலமான சிந்த் என்றால் யாராவது ஏற்கனவே தட்டச்சு செய்து வைத்திருப்பார்கள், தேடிப் பாருங்கள்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். புரோகிராம் சேஞ்ச் வந்த நொடியில் நீங்கள் திருகித் திருகிச் செய்து சேமிக்காமல் வைத்திருக்கும் ஒலி பெரும்பாலான சிந்துகளில் போய்விடும். ஒரு மதியம் முழுக்க உருவாக்கிய ஒரு பேட் (pad, நீண்டு ஒலிக்கும்) ஒலியை, பாட்டை முதலிலிருந்து கேட்கலாம் என்று ஸ்பேஸ் பாரைத் தட்டி நான் தொலைத்திருக்கிறேன். முதலில் யூசர் இடத்தில் சேமியுங்கள், அந்த இடத்தின் எண்ணை டிராக்கில் போடுங்கள், பிறகு ஓட்டுங்கள்.