சீட் கூடினால் துறை வளர்ந்துவிட்டதா? பிசியோதெரபி படிப்பு: வாசகர் கேள்வி பதில்

பிசியோதெரபி படிப்பு குறித்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பதில் எழுதியிருப்பவர்கள் இத்துறையில் பாடம் நடத்துபவர்களும், மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்து வருபவர்களும்.

எங்கள் ஊருக்கு அருகில் ஒரு பல்கலைக்கழகம் பி.பி.டி. (பிசியோதெரபி இளநிலைப் பட்டம்) இடங்களை 50-லிருந்து 100 ஆக உயர்த்தியிருக்கிறது. புதுக் கட்டடம், புது லேப் என்று விளம்பரம் செய்கிறார்கள். மகளை அங்கே சேர்க்கலாமா?
வாசகி, நாமக்கல்

கட்டடத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். இது கையால் கற்கும் படிப்பு. உங்கள் மகளின் கை ஒரு நாளில் எத்தனை நிமிடம் வேலை செய்யும், அதை யார் பக்கத்தில் நின்று பார்ப்பார்கள் என்பதுதான் கேள்வி.

லேப்பிலிருந்து தொடங்குவோம். 100 பேரை இரண்டு பேட்ச் ஆகப் பிரித்தால் ஒரு நேரத்தில் 50 பேர். ஒருவர் நோயாளியாகப் படுக்க, மற்றவர் செய்து பழக வேண்டும் என்பதால், 50 பேருக்கு 25 சிகிச்சைக் கட்டில்கள் வேண்டும். இரண்டு மணி நேர வகுப்பில் ஆளுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். கட்டில் 10 மட்டுமே இருந்தால் ஒன்றைச் சுற்றி ஐந்து பேர் நிற்பார்கள், ஆளுக்கு 24 நிமிடம். இடத்தை இரட்டிப்பாக்கிய கல்லூரி கட்டிலையும் ஆசிரியரையும் இரட்டிப்பாக்கியதா என்று நேரில் போய் எண்ணிப் பாருங்கள்.

இந்த நிமிடக் கணக்கு ஏன் முக்கியம்? முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று கோனியோமீட்டரால் (கோணம் அளக்கும் கருவி) அளப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்திலேயே கற்றுத்தரும் எளிய வேலைதான். கருவியின் அச்சு முழங்காலின் வெளிப்பக்க எலும்பு முடிச்சின் மேல் உட்கார வேண்டும். கருவியின் அசையாத கை தொடையின் பக்கவாட்டில் ஓடி, இடுப்புக்குக் கீழே துருத்தும் எலும்பைக் காட்ட வேண்டும். அசையும் கை வெளிக் கணுக்காலைக் காட்ட வேண்டும். மாணவர்கள் முடிச்சை விரலால் தடவிக் கண்டுபிடிக்காமல் கண்ணளவில் வைப்பார்கள், அல்லது பேன்ட் துணியின் மேலேயே வைப்பார்கள். காலை மடக்க மடக்க அச்சு நழுவுவதையும் கவனிப்பதில்லை. அதிலேயே 5, 10 டிகிரி தவறிவிடும். மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்குப் போன வாரம் 85, இந்த வாரம் 95 என்று எழுதினால், கால் தேறியிருக்கிறதா, அளந்த கை தவறியதா என்று யாருக்கும் தெரியாது. இந்தத் தவறு ஆசிரியர் பக்கத்தில் நின்று, மாணவரின் விரலைப் பிடித்து இடம் காட்டினால்தான் திருந்தும். ஐம்பது பேருக்கு ஒரே ஆசிரியர் இருந்தால் நடக்காது.

லேப்பைவிடப் பெரிய சிக்கல் நோயாளிகள். மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டு, பயிற்சி (இன்டர்ன்ஷிப்) மாணவர்கள் எல்லாரையும் சேர்த்தால், 100 இடம் உள்ள கல்லூரியில் ஏறத்தாழ 300 பேர் மருத்துவமனைப் பயிற்சிக்கு வருவார்கள். புறநோயாளிப் பிரிவுக்கு நாளொன்றுக்கு 60 பேர் வந்தால் ஐந்து மாணவருக்கு ஒரு நோயாளி. ஒருவர் சிகிச்சை செய்ய, நால்வர் வேடிக்கை பார்ப்பார்கள். அதிலும் எல்லாமே கழுத்து வலியும் முட்டி வலியுமாக இருந்தால், பக்கவாதம், தண்டுவடக் காயம், மூளை முடக்குவாதக் குழந்தைகள், தீக்காயம், ஐ.சி.யூ.-வில் வென்டிலேட்டரில் இருப்பவரின் சளியை வெளியேற்றுவது ஆகியவற்றைப் பார்க்காமலேயே பட்டம் வாங்கிவிடுவார்கள். முதல் வேலையில் ஐ.சி.யூ. கதவைத் திறந்ததும் கை நடுங்கும்.

கல்லூரிக்குப் போகும் நாளில் முதல்வர் அறைக்குப் போவதற்கு முன் பயிற்சி மாணவர் இருவரைத் தேடிப் பிடியுங்கள். 'போன வாரம் நீங்களே முதலிலிருந்து பரிசோதித்துக் குறிப்பு எழுதிய நோயாளிகள் எத்தனை பேர்? அதைப் படித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டவர் யார்?' என்று கேளுங்கள். இரண்டுக்கும் தயங்காமல் பதில் வந்தால் நம்பலாம். வேறு மருத்துவமனைகளோடு ஒப்பந்தம் இருப்பதாகச் சொன்னால், மாணவர்கள் அங்கே எத்தனை வாரம் போகிறார்கள், அங்கே மேற்பார்வை செய்பவர் யார் என்று கேளுங்கள். சில ஒப்பந்தங்கள் ஆய்வுக் குழு வரும்போது மட்டுமே கோப்பிலிருந்து வெளியே வரும்.

பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்து, உயிரியல் படிக்காதவர் பி.பி.டி. சேர முடியுமா?
வாசகர், விருத்தாசலம்

இயற்பியல், வேதியியலோடு உயிரியல் அல்லது தாவரவியலும் விலங்கியலும் படித்திருக்க வேண்டும். சேர்க்கை விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், சேரும் ஆண்டின் அரசு அறிவிப்பை வரி வரியாகப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

நவீனக் கருவிகள் நிறைய உள்ள துறைதானே வளர்ந்த துறை?
வாசகர், திருநெல்வேலி

கருவி வேண்டும். அதைப் பராமரிக்கிறார்களா என்பது அதைவிட முக்கியம். அல்ட்ராசவுண்ட் சிகிச்சைக் கருவியை எடுத்துக்கொள்வோம். அதன் தலைப்பகுதிக்கும் தோலுக்கும் நடுவே காற்று இருந்தால் ஒலி அலை திரும்பிவிடும், உள்ளே போகாது. அதனால்தான் ஜெல் தடவுகிறோம். 1 மெகாஹெர்ட்ஸ் ஆழமான திசுவுக்கு, 3 மெகாஹெர்ட்ஸ் மேலோட்டமான இடத்துக்கு. தலையை ஒரே இடத்தில் நிறுத்தாமல் மெதுவாக நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் அந்த இடம் சூடேறி எலும்புறையில் சுரீரென்று வலிக்கும். கருவியில் விளக்கு எரிகிறது என்பதால் அலை வருகிறது என்று பொருளில்லை. தலையை மேல்நோக்கிப் பிடித்து, அதன்மேல் சிறிது தண்ணீர் விட்டு ஆன் செய்து பார்க்க வேண்டும். தண்ணீர் அலையாடினால் அலை வருகிறது. ஆனாலும் சரியான அளவில் வருகிறதா என்பதை ஆண்டுதோறும் அளவுத்திருத்தம் செய்துதான் அறிய முடியும். கருவியில் கடைசித் திருத்தத் தேதி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

எங்கள் கருத்தையும் சொல்லிவிடுகிறோம். பெரும்பாலான மூட்டு, தசை வலிகளில் நோயாளியை முன்னேற்றுவது முறையாக, படிப்படியாகக் கூட்டப்படும் உடற்பயிற்சிதான். பத்துக் கருவிகளை வரிசையாக வைத்துவிட்டு, உடற்பயிற்சிக் கூடத்தை ஒரு மூலையில் ஒதுக்கிய துறையை வளர்ந்த துறை என்று நாங்கள் சொல்ல மாட்டோம்.

இந்தியாவில் இந்தப் படிப்பு எப்போது வந்தது? தமிழ்நாட்டுக்கு இதில் பங்கு உண்டா?
வாசகி, ஆம்பூர்

1953-இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு முதல் பிசியோதெரபி பள்ளி தொடங்கியது. இந்திய பிசியோதெரபிஸ்ட் சங்கம் 1955-இல் உருவானது.

உங்கள் பக்கத்து ஊரான வேலூருக்குப் பெரிய பங்கு உண்டு. தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போனவர்களுக்கு வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சைகளைத் தொடங்கினார். நாணை இடம் மாற்றித் தைப்பதோடு வேலை முடியாது. வேறு வேலைக்கு இருந்த தசை இப்போது விரலை நீட்ட வேண்டும் என்பதை மூளைக்கும் கைக்கும் வாரக்கணக்கில் பழக்க வேண்டும். அதைச் செய்யத் தெரிந்த ஆள் இல்லையென்றால் அறுவை சிகிச்சை வீண். அங்கே மருத்துவராகப் பயிற்சி பெற்ற மேரி வர்கீஸ் 1954-இல் நடந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார், நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. நோயாளிகளின் தேவையைப் பார்த்து ஒரு துறை எழுந்து நின்றதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எங்களுக்குத் தெரியாது.

கல்லூரிகள் மாணவர் சாதனை, சமூகச் சேவை என்று முகாம் படங்களை வெளியிடுகின்றன. இவற்றால் உண்மையில் பயன் உண்டா? எங்கள் மாணவர் மன்றமும் முதியோர் முகாம் ஒன்று நடத்த விரும்புகிறது. எப்படி நடத்துவது?
மாணவர், தஞ்சாவூர்

முகாம் முடிந்து ஆறு வாரம் கழித்து அங்கே வந்த முதியவருக்கு என்ன ஆனது என்று சொல்ல முடிந்தால் பயன் உண்டு. உதாரணமாக, அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் செஸ்டர் நகரிலுள்ள வைடனர் பல்கலைக்கழகத்தில், 2009-இல் மாணவர்களே நிர்வகிக்கும் இலவச பிசியோதெரபி கிளினிக் தொடங்கியது. சிகிச்சையை உரிமம் பெற்றவர்கள் மேற்பார்வை செய்கிறார்கள். ஒரு நாள் முகாமைப் போலன்றி அது தொடர்ந்து இயங்குவதால், அதே நோயாளி திரும்பி வருகிறார், போன தடவை எழுதிய குறிப்பின் பலனை மாணவர் நேரில் பார்க்கிறார். உங்கள் மன்றம் மாதத்துக்கு ஒரு நாள், ஒரே ஊரில் நடத்தினாலும் போதும். ஊர் ஊராக மாற்றாதீர்கள்.

கீழே விழும் ஆபத்தைக் கண்டறிவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் படுத்த நிலையில் ரத்த அழுத்தம் பாருங்கள். எழுந்து நின்ற ஒன்றாவது நிமிடமும் மூன்றாவது நிமிடமும் மறுபடி பாருங்கள். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் குறைந்தால், அவரை மேற்கொண்டு சோதிக்காமல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

அடுத்து நாற்காலிச் சோதனை. இருக்கை உயரம் 43 செ.மீ., கைப்பிடி இல்லாத நாற்காலி, பின்பக்கம் சுவரில் முட்டியிருக்க வேண்டும். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்காருகிறார் என்று எண்ணுங்கள். கையை ஊன்றி எழுந்தால் பூஜ்யம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அட்டவணைப்படி 60 முதல் 64 வயதில் ஆண் 14-க்கும் பெண் 12-க்கும் கீழே, 70 முதல் 74 வயதில் ஆண் 12-க்கும் பெண் 10-க்கும் கீழே எடுத்தால் கவனிக்க வேண்டியவர். அதன்பின் நடைச் சோதனை. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து உண்டு.

இவற்றில் தவறுவது பெரும்பாலும் நாற்காலியில்தான். பந்தல்காரரிடம் வாங்கும் பிளாஸ்டிக் நாற்காலி சிமென்ட் தரையில் வழுக்கும், ஒன்றுக்கொன்று உயரமும் மாறும். ஒரே உயரமுள்ள மர நாற்காலிகளைப் பள்ளியிலிருந்து வாங்கி, டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். புடவை, வேட்டியின் ஓரம் காலில் சிக்காமல் தூக்கிச் செருகச் சொல்லுங்கள். வழக்கமாக அணியும் செருப்போடு நடக்கட்டும். பக்கத்தில் ஒரு மாணவர் பிடிக்கத் தயாராக நிற்க வேண்டும், வீடியோ எடுப்பது அவர் வேலையில்லை. தரையில் உட்கார்ந்து சாப்பிடும் வழக்கமுள்ளவரிடம், தரையிலிருந்து எப்படி எழுகிறார் என்பதையும் செய்து காட்டச் சொல்லுங்கள். அட்டவணையில் அது இல்லை, ஆனால் நம் வீடுகளுக்கு அது அவசியம்.

மதிப்பெண்ணை எழுதிய நோட்டில் தொலைபேசி எண்ணும், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெயரும் இருக்கட்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை (பிசியோதெரபி) சிகிச்சையும் உண்டு. நடக்க முடியாதவர்களின் பட்டியலை அந்தச் சுகாதார நிலையத்தில் உள்ளவர்களிடம் நேரில் கொடுங்கள். ஆறு வாரம் கழித்து அதே நாற்காலியோடு போய் மீண்டும் அளந்து பாருங்கள். அந்த இரண்டு எண்களையும் பக்கத்துப் பக்கத்தில் காட்ட முடிந்தால் அதுதான் உங்கள் கல்லூரியின் சாதனை.

படிப்பு ஐந்து ஆண்டாகிறதாமே? பெயருக்கு முன் 'டாக்டர்' போடலாமா?
வாசகர், காரைக்குடி

2021-இல் நாடாளுமன்றம் துணை மற்றும் சுகாதாரப் பணியாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. பிசியோதெரபி அதன்கீழ் வருகிறது. முன்பு நாலரை ஆண்டாக இருந்த பி.பி.டி., 2025-இல் வெளியான புதிய பாடத்திட்டத்தில் பயிற்சியோடு சேர்த்து ஐந்து ஆண்டு. பயிற்சிக் காலம் ஆறு மாதத்திலிருந்து ஓராண்டாவதை நாங்கள் முழு மனதோடு வரவேற்கிறோம். 'டாக்டர்' என்ற அடைமொழியைப் பொறுத்தவரை, அந்தப் பாடத்திட்டம் அதை அனுமதித்தது. 2025 செப்டம்பரில் மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம் போடக்கூடாது என்று கடிதம் எழுதி, உடனே திரும்பப் பெற்றது. அடைமொழி போடுவோர் பெயருக்குப் பின் 'பி.டி.' என்றும், பலகையில் பிசியோதெரபிஸ்ட் என்றும் தெளிவாக எழுத வேண்டும். வாசலில் நிற்கும் நோயாளிக்குக் குழப்பம் வரக்கூடாது.

தம்பி இங்கே பி.பி.டி. முடித்துவிட்டு அமெரிக்கா போக நினைக்கிறான். அங்கே நிலைமை என்ன?
வாசகி, கோயம்புத்தூர்

அங்கே நுழைவுப் பட்டமே டி.பி.டி. எனப்படும் முனைவர் நிலைப் பட்டம். நெப்ராஸ்காவின் ஒமாஹா நகரிலுள்ள கிரெய்ட்டன் பல்கலைக்கழகம் 1993-இல் அதை முதலில் தொடங்கியது. 2015-ஆம் ஆண்டு முடிவுக்குள் எல்லாக் கல்லூரிகளும் அந்தப் பட்டத்துக்கு மாற வேண்டும் என்பது அங்கீகார அமைப்பான கேப்டேயின் விதி. உரிமத் தேர்வில் ஒரு கல்லூரியின் மாணவர்கள் இரண்டாண்டுச் சராசரியாக 85 சதவீதமாவது இறுதியில் தேற வேண்டும். அந்த எண்ணைக் கல்லூரி தன் இணையதளத்தில் எல்லாரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். நம் கல்லூரிகளும் இப்படி வெளியிட வேண்டும் என்று பெற்றோர் கேட்கத் தொடங்கினால் நல்லது.

இந்தியப் பட்டதாரி டி.பி.டி. படித்தே ஆக வேண்டும் என்பதில்லை. அவருடைய பாடங்கள் அமெரிக்கப் பட்டத்துக்கு இணையா என்று எஃப்.சி.சி.பி.டி. போன்ற அமைப்பு ஒப்பிட்டுப் பார்க்கும். குறையும் பாடங்களைத் தனியாகப் படித்து முடித்து, ஆங்கிலத் தேர்வும் உரிமத் தேர்வும் எழுதலாம். உரிமத் தேர்வு 200 முதல் 800 வரை உள்ள அளவுகோலில் மதிப்பிடப்படும், தேற 600 வேண்டும். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால், எந்த மாநிலம் என்று முடிவு செய்த பிறகே பணம் கட்டச் சொல்லுங்கள்.

பலர் தடுமாறுவது ஆவணங்களில். பாட வாரியான மணி நேரமும் முழுப் பாடத்திட்டமும் கேட்பார்கள். பட்டம் வாங்கிப் பத்தாண்டு கழித்துக் கல்லூரியில் கேட்டால் பழைய பாடத்திட்டம் கிடைக்காது. தம்பி படிக்கும்போதே அந்தந்த ஆண்டின் பாடத்திட்டத்தைக் கல்லூரி முத்திரையோடு இரண்டு பிரதி வாங்கி வைக்கட்டும். பயிற்சியில் எந்தப் பிரிவில் எத்தனை மணி நேரம் என்று தேதியோடு எழுதி, மேற்பார்வையாளரின் கையெழுத்தை அந்தப் பிரிவை விட்டுக் கிளம்பும் நாளிலேயே வாங்கிவிடட்டும்.