ஆக்சிஜன் வால்வில் எண்ணெய் விடலாமா?

கேள்வி: எங்கள் வெல்டிங் பட்டறையில் ஒரு ஆக்சிஜன் சிலிண்டரின் வால்வு திரும்பவே மாட்டேன் என்கிறது. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் சரியாகிவிடும் என்கிறார் கூட வேலை பார்ப்பவர். ஆக்சிஜன்தான் எரியாதே, விடலாமா?

பதில்: விடவே விடாதீர்கள். ஆக்சிஜன் எரியாது, சரி, ஆனால் மற்ற எல்லாவற்றையும் எரிய வைப்பதே அதுதான். நிரப்பிய சிலிண்டருக்குள் சுமார் 150 பார் அழுத்தம், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 150 மடங்கு இருக்கும். அந்த வேகத்தில் வரும் ஆக்சிஜன் எண்ணெயிலோ கிரீஸிலோ பட்டால் தீப்பொறியே இல்லாமல் பற்றிக்கொள்ளும். கிரீஸ் படிந்த கையுறையோடு ரெகுலேட்டரை (வாயுவின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் கருவி) மாட்டுவதும் இதே கதைதான், அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கையால் திரும்பாத வால்வைத் தட்டாமல், குறடு போட்டு முறுக்காமல், ‘பழுது’ என்று எழுதி ஒட்டி சப்ளை செய்தவரிடமே திருப்பி அனுப்புங்கள்.

அப்புறம், நல்ல வால்வைக்கூட மெதுவாகத்தான் திறக்க வேண்டும். சட்டென்று திறந்தால் ரெகுலேட்டருக்குள் வாயு ஒரே நொடியில் அழுந்திச் சூடேறி, உள்ளே இருக்கும் சீல் பற்றிக்கொள்ளலாம். அதனால் திறக்கும்போது மீட்டருக்கு நேராக முகத்தை வைக்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள்.

கேள்வி: அசிட்டிலீன் சிலிண்டரை வண்டியில் படுக்கப் போட்டுக் கொண்டுவந்துவிட்டார்கள். நிமிர்த்தி உடனே பயன்படுத்தலாமா?

பதில்: பொறுங்கள். அந்தச் சிலிண்டருக்குள் கடற்பஞ்சு மாதிரி நுண்துளைகள் நிறைந்த பொருள் இருக்கிறது, அதில் அசிட்டோன் என்ற திரவம் ஊறியிருக்கிறது, அசிட்டிலீன் வாயு அந்தத் திரவத்தில் கரைந்திருக்கிறது. படுக்கப் போட்டால் அசிட்டோன் வால்வுப் பக்கம் வந்துவிடும். உடனே திறந்தால் வாயுவோடு அதுவும் ஹோஸுக்குள் போகும். எவ்வளவு நேரம் படுத்துக் கிடந்ததோ அவ்வளவு நேரமாவது நிமிர்ந்து நிற்கட்டும். வேலை செய்யும்போது ரெகுலேட்டரில் அழுத்தத்தை 15 பி.எஸ்.ஐ.க்கு (சுமார் 1 பார்) மேல் ஏற்றாதீர்கள், அதற்கு மேல் அசிட்டிலீன் தானாகவே சிதைந்து வெடிக்கக்கூடியது.

கேள்வி: இடம் இல்லாததால் காலி சிலிண்டர், நிரம்பியது, ஆர்கான் எல்லாவற்றையும் படிக்கட்டுக்குக் கீழே சாத்தி வைக்கிறோம். காலிக்கும் சங்கிலி வேண்டுமா?

பதில்: வேண்டும். காலி என்பது நாம் சொல்வது, உள்ளே கொஞ்சம் மிச்சம் இருக்கத்தான் செய்யும். வால்வை மூடி, கேப் மாட்டி, ‘காலி’ என்று எழுதித் தனி வரிசையில் நிறுத்திச் சங்கிலி போடுங்கள். சாய்ந்து விழுந்து வால்வு உடைந்தால் நிரம்பிய சிலிண்டர் சுவரைத் துளைத்துக்கொண்டு போகும். ஆக்சிஜனுக்கும் எரிவாயுவுக்கும் இடையே 6 மீட்டராவது இடைவெளி விடுங்கள், முடியாவிட்டால் நடுவில் தீ தாங்கும் சுவர் எழுப்புங்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் பள்ளத்திலும் சாக்கடையிலும் போய்த் தேங்கும். ஆர்கானுக்கு மணமே கிடையாது, காற்றோட்டமில்லாத இடத்தில் கசிந்தால் மூச்சுத் திணறுகிறது என்று உணர்வதற்குள் ஆள் சுருண்டு விழுந்துவிடுவார். படிக்கட்டு வேறு, தீப்பிடித்தால் எல்லோரும் ஓடி வரும் வழி. இந்த வாரமே சிலிண்டர்களை அங்கிருந்து எடுத்து, வெயில் படாத, காற்று வந்து போகிற இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.