கறுப்புக் கண்ணாடியா, சிவப்புக் கண்ணாடியா?

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. கைக்குழந்தையாக இருந்தபோதே வெயிலில் தூக்கிப் போனால் கண்ணைத் திறக்க மாட்டான், கண் ஆடிக்கொண்டே இருக்கும். போன மாதம்தான் ‘அக்ரோமடாப்சியா’ (பிறவியிலேயே நிறம் தெரியாத கண் குறை) என்று கண்டுபிடித்து, சிவப்பு டின்ட் கண்ணாடி போடச் சொன்னார்கள். கண்ணாடிக்கடையிலோ, “சிவப்பெல்லாம் எதுக்கு, நல்ல கறுப்பா கூலிங் கிளாஸ் போடுங்க” என்கிறார்கள். எது சரி? மாமன் மகனைக் கட்டியதால்தான் இப்படி என்று வீட்டில் என்னையே குத்திக்காட்டுகிறார்கள்.
– ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: டாக்டர் சொன்னதுதான் சரி அம்மா. கடைக்காரர் சொல்வது வெயிலில் கண் கூசும் நமக்குப் பொருந்தும், உங்கள் பையன் கதை வேறு. விழித்திரையில் பகலில் பார்க்கவும் நிறம் பிரிக்கவும் கூம்பு செல்கள், இருட்டுக்குக் குச்சி செல்கள். இவனுக்குக் கூம்பு செல்கள் பிறவியிலேயே வேலை செய்யவில்லை, ராத்திரி டியூட்டிக்கான குச்சி செல்களை வைத்தே பகலையும் ஓட்டுகிறான், வெளிச்சம் கொஞ்சம் ஏறினாலே அவை திணறிப்போய் எல்லாம் வெள்ளையாகப் பொங்கிவிடும். மாலைக்கண்ணுக்கு நேர் எதிர். விளக்கு வைக்கும் நேரத்தில் அவன் விளையாடுவதைக் கவனித்துப் பாருங்கள், கண்ணை எவ்வளவு தாராளமாகத் திறக்கிறான் என்று தெரியும்.

இந்தக் குச்சி செல்களை அதிகம் தூண்டுவது 500 நானோமீட்டர் அலைநீளத்துக்குப் பக்கத்திலுள்ள நீலப்பச்சை ஒளி. சிவப்பு ஒளி அவற்றுக்கு உறைப்பதே இல்லை. சிவப்பு லென்ஸ் அவற்றைத் திணறடிக்கும் ஒளியாகப் பார்த்துத் தடுக்கிறது, கறுப்பு எல்லாவற்றையும் பொத்தாம்பொதுவாகக் குறைக்கிறது. உலகமே சிவப்பாகத் தெரியாதா என்று எல்லோரும் கேட்பார்கள். நமக்குத் தெரியும், நிறமே அறியாதவனுக்கு எங்கிருந்து தெரியும்? ஆனால் ஒன்று நடக்கும். வெறுங்கண்ணுக்குக் கிட்டத்தட்டக் கருப்பாகத் தெரிந்த தக்காளி, கண்ணாடி வழியே வெளுத்துத் தெரியும். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தே ‘இது சிவப்பு’ என்று பிடித்துவிடலாம், அதனால் கண்ணாடியை நோண்டுகிறான் என்று திட்டிவிடாதீர்கள்.

எவ்வளவு அடர்த்தி என்பதை அவன்தான் சொல்ல வேண்டும். சிலருக்குப் பழுப்போ ஆரஞ்சோ ஒத்துப்போகும். பார்வைக் குறைவுக்கென்று தனிப் பிரிவு உள்ள கண் மருத்துவமனையில் நாலைந்து டின்ட்டைப் போட்டுப் பார்க்கலாம், ஏசி அறைக்குள் இல்லை, மத்தியான வெயிலில் வாசலில் நிற்க வைத்து. அப்புறம் ஒரு ஜோடி போதாது. வெளியே போக அடர்த்தியாக, பக்கவாட்டிலும் மூடியது ஒன்று, கூடவே முன்நெற்றி மறைக்கும் தொப்பி. வகுப்பறைக்கு வெளிறியது ஒன்று. முன் பெஞ்சு கேளுங்கள், ஜன்னல் அவன் முதுகுப்பக்கம் இருக்கட்டும். கூச்சம் போவதால் பார்வை முழுதாக வந்துவிடாது, பெரும்பாலும் 6/60 அளவில்தான் (மற்றவர்கள் 60 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில் படிக்கும் அளவு) நிற்கும். பெரிய எழுத்துப் புத்தகமும் உருப்பெருக்கியும் தேவைப்படும். கிரேயானில் நிறத்தின் பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டிக் கொடுங்கள், ஓவிய வகுப்பில் தப்பிப்பான்.

சொந்தத்தில் கட்டியதற்கு வருகிறேன். பழுதான மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் இது வரும்; ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் வராது. சொந்தத்தில் இருவரிடமும் அது இருக்க வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். அசலில் கட்டியவர்களுக்கும் பிறக்கிறது. பசிபிக் கடலில் பிங்கலாப் என்று ஒரு குட்டித் தீவு, 1775 வாக்கில் வந்த புயலில் தப்பியவர்கள் ஏறக்குறைய இருபதே பேர், அவர்களுக்குள்ளேயே கொண்டு கொடுத்ததில் இன்று அங்கே நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு இதே கண். உங்களைக் குத்திக்காட்டுகிறவர்களிடம், பாதி என் கணவர் கொடுத்தது என்று சொல்லுங்கள். அடுத்த குழந்தைக்கு யோசனை இருந்தால் அதற்கும் 25 சதவீத வாய்ப்பு உண்டு, முன்கூட்டியே மரபணு ஆலோசனைக்கு இருவருமாகப் போய் வாருங்கள்.