195 வோல்ட்டில் ஹீட்டர் எத்தனை வாட்?

மார்த்தாண்டம் அருகே தேன் பதப்படுத்தும் வாசகர் ஒருவரின் கேள்வி: வீட்டிலிருந்து 60 மீட்டர் தள்ளித் தென்னந்தோப்பில் இருக்கும் கொட்டகையில், தேனைச் சூடாக்கும் வெந்நீர்த் தொட்டிக்கு 2,000 வாட் ஹீட்டர் போட்டிருக்கிறேன். இப்போதெல்லாம் தண்ணீர் சூடேறத் தாமதமாகிறது. ஹீட்டர் ஓடும்போது கொட்டகையில் 195 வோல்ட்டும் 7.3 ஆம்பியரும் காட்டுகின்றன. அதே நேரத்தில் வீட்டு மீட்டர் பலகையில் 222 வோல்ட் இருக்கிறது. வயர் 1 சதுர மில்லிமீட்டர் செம்பு. வழியில் இரண்டு ஒட்டுகள் உண்டு. ஹீட்டரை மாற்ற வேண்டுமா?

வேண்டாம், உங்கள் ஹீட்டர் நன்றாகவே இருக்கிறது. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும்: 195 ÷ 7.3 = 26.7 ஓம். 230 வோல்ட்டில் 2,000 வாட் தரவேண்டிய ஹீட்டருக்கு இருக்கவேண்டிய தடை, 230-ஐ 230-ஆல் பெருக்கி 2,000-ஆல் வகுத்தால் வருவது, அதாவது சுமார் 26.5 ஓம். இரண்டும் ஏறத்தாழ ஒன்றே.

மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் திறன்: 195 × 7.3 = சுமார் 1,424 வாட். மின்னழுத்தம் 15 சதவீதம் குறைந்ததற்குத் திறன் 29 சதவீதம் குறைந்திருக்கிறது. மின்னழுத்தம் இறங்கும்போது மின்னோட்டமும் சேர்ந்தே இறங்குவதுதான் காரணம். 20 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர, 2,000 வாட்டில் 21 நிமிடம் போதுமென்றால், 1,424 வாட்டில் 29 நிமிடம் ஆகும். இந்தப் பெருக்கல் ஹீட்டருக்குப் பொருந்தும். மோட்டாருக்கு அப்படியே பொருந்தாது.

நான் கவலைப்படுவது வயரைப் பற்றித்தான். வழியில் தொலைந்தது 27 வோல்ட், அதை 7.3-ஆல் வகுத்தால் வயரின் தடை 3.7 ஓம் என்றும், பெருக்கினால் வழியிலேயே 197 வாட் வெப்பமாகிறது என்றும் தெரிகிறது. அது மீட்டரைக் கடந்த பிறகு வீணாவதால், அதற்கும் நீங்கள்தான் பணம் கட்டுகிறீர்கள். போக 60, வர 60 என 120 மீட்டருக்கு உங்கள் செம்பு வயரின் தடை சுமார் 2.1 ஓம்தான் இருக்கவேண்டும். எஞ்சிய 1.6 ஓம் பெரும்பாலும் அந்த ஒட்டுகளில் இருக்கிறது. இரு பருவமழையும் நனைக்கும் நம் மாவட்டத்தில், வெட்டவெளியில் முறுக்கி டேப் சுற்றிய ஒட்டு வெகுசீக்கிரம் களிம்பேறிவிடும். 7.3-ஐ 7.3-ஆல் பெருக்கி, 1.6-ஆலும் பெருக்கிப் பாருங்கள்: 85 வாட். ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்ன்கூடப் பெரும்பாலும் 25 வாட்தான். இவ்வளவு வெப்பம் விரலளவு இடத்தில், காய்ந்த ஓலைகளுக்கு நடுவே எழுகிறது என்பதால், சரிசெய்யும்வரை ஹீட்டரைப் போடாதீர்கள்.

உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கொண்டு, ஒட்டே இல்லாமல் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் இழுக்கச் சொல்லுங்கள்; 120 மீட்டருக்கு அதன் தடை சுமார் 0.55 ஓம்தான். பிறகு ஹீட்டரை ஓடவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். வயரைக் கவ்விப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை ஒரே ஒரு வயரின்மீது மாட்டவேண்டும். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் சுழியம்தான் காட்டும். மீட்டர் பலகையில் 222 இருக்கையில் கொட்டகையில் 217 வோல்ட்டுக்குக் கீழே வந்தால், சுவிட்ச், பிளக், நியூட்ரல் முனை ஆகியவற்றைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.