இரண்டே சக்கரத்தில் கார்: வாசகர் கேள்வி – பதில்

காரை ஒருபக்கமாகச் சாய்த்து இரண்டு சக்கரத்தில் ஓட்டும் வித்தை பற்றியும், அதையொட்டிய வண்டிக் கவிழ்ப்புகள் பற்றியும் கடலூர், புதுச்சேரி வட்டார வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கணக்குப் போட, 1,000 கிலோ எடையுள்ள ஒரு சாதாரணக் காரை எடுத்துக்கொண்டோம். இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் இடையே 1.5 மீட்டர், ஈர்ப்பு மையம் (மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி) தரையிலிருந்து 55 செ.மீ. உயரத்தில்.

கே: இரண்டு சக்கரத்தில் போகும் கார் ஏன் உடனே கவிழ்வதில்லை? பம்பரம் மாதிரி வேகம்தான் அதை நிறுத்தி வைக்கிறதா?
– கல்லூரி மாணவர், தவளக்குப்பம்

ப: பம்பரம் தன் சுழற்சியால் நிற்கிறது. கார் அப்படி நிற்பதில்லை. சக்கரங்களின் சுழற்சி தரும் பிடிப்பு 1,000 கிலோ எடைக்கு முன்னால் மிகச் சிறியது. இது சைக்கிள் சமாசாரம். சைக்கிள் இடப்பக்கம் சாய்ந்தால் ஹேண்டில்பாரை நம்மையறியாமல் இடப்பக்கமே திருப்புகிறோம். டயர் தரையைத் தொடும் இடம் நகர்ந்து, மறுபடி நம் எடைக்கு அடியில் வந்து சேர்கிறது. காரில் அந்த வேலையை ஸ்டீரிங் செய்கிறது.

நம் கணக்குக் கார் சுமார் 54 டிகிரி சாய்ந்தால் ஈர்ப்பு மையம் டயர்களுக்கு நேர் மேலே வரும். இடப்பக்கச் சக்கரங்களில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாய்வு 50-க்குக் குறைந்து, நான்கு சக்கரத்தில் விழப் பார்க்கிறது. அப்போது ஸ்டீரிங்கை வலப்பக்கம், அதாவது விழுகிற பக்கம் திருப்ப வேண்டும்; டயர்கள் எடைக்கு அடியில் போய்ச் சேர, கார் மறுபடி எழும்பும். 58-ஐத் தாண்டிக் கூரைமேல் கவிழப் பார்த்தால் இடப்பக்கம் திருப்ப வேண்டும். கீழே இறக்கவும் இதே இடப்பக்கத் திருப்பல்தான்.

மனப்பாடம் செய்ய இது எளிது. நேரம்தான் கிடைக்காது. உள்ளங்கையில் மூங்கில் கழியை நிறுத்துவது சுலபம், துடைப்பக் குச்சியை நிறுத்துவது கஷ்டம். குட்டையானது வேகமாக விழும். நம் காரின் உயரத்துக்கும் எடை பரவலுக்கும் கணக்குப் போட்டால், சாய்வில் வரும் பிழை ஏறக்குறைய கால் நொடிக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது. 2 டிகிரி தவறு முக்கால் நொடியில் 16 டிகிரி ஆகிவிடும். கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, கை திரும்பும் நேரத்துக்குள் பாதி ஆட்டம் முடிந்துவிடும். தேர்ந்த ஓட்டுநர் சாய்வைக் கண்ணால் அளப்பதில்லை. இருக்கையில் உடம்பு உணரும் அழுத்தத்தை வைத்து, ஸ்டீரிங்கைச் சிறிது சிறிதாக ஆட்டிக்கொண்டே இருப்பார்.

வேகத்துக்கும் பங்கு உண்டு, நீங்கள் நினைத்த விதத்தில் அல்ல. 5 டிகிரி பிழையைத் திருத்த 40 கி.மீ. வேகத்தில் சுமார் 145 மீட்டர் ஆரமுள்ள மெல்லிய வளைவு போதும். 20 கி.மீ. வேகத்தில் 36 மீட்டர் ஆரத்துக்கு வெட்டித் திருப்ப வேண்டும். அதனால்தான் மிக மெதுவாக ஓட்ட முடிவதில்லை.

கே: காரை அப்படித் தூக்க 100 கி.மீ. வேகம் தேவையா?
– வாசகர், வில்லியனூர்

ப: வேண்டாம். அதுதான் பயப்பட வேண்டிய விஷயம். 54 டிகிரிக்குச் சாயும்போது ஈர்ப்பு மையம் 55 செ.மீ.-யிலிருந்து 93 செ.மீ.-க்கு, அதாவது 38 செ.மீ. உயர்கிறது. 1,000 கிலோவை 38 செ.மீ. தூக்க சுமார் 3,700 ஜூல் ஆற்றல் போதும். 40 கி.மீ. வேகத்தில் ஓடும் அதே காரிடம் இருப்பது சுமார் 62,000 ஜூல். அதில் 6 சதவீதம் பக்கவாட்டில் திரும்பினாலே வண்டி கவிழும் எல்லைக்கு வந்துவிடும்.

சாகச ஓட்டுநர்கள் ஒருபக்கச் சக்கரங்களை மட்டும் ஒரு சாய்தளத்தில் ஏற்றுகிறார்கள். 60 செ.மீ. உயரச் சாய்தளம் காரை 24 டிகிரிதான் சாய்க்கும். மீதி 30 டிகிரி, ஏறும்போது கிடைத்த சுழல் வேகத்தில் வந்தாக வேண்டும். வேகம் கொஞ்சம் குறைந்தால் கார் தொப்பென்று நான்கு சக்கரத்தில் விழும். கொஞ்சம் கூடினால் 54-ஐத் தாண்டி மறுபக்கம் போய்விடும். சாய்தளத்தின் உயரம், நீளம், முனையின் வளைவு, ஏறும் வேகம் எல்லாம் அந்த ஒரு காருக்கென்று பலமுறை சோதித்து எடுத்தவை. வேறு காருக்கு அவை பொருந்தா.

கே: என் மகனுக்கு 19 வயது. தேவனாம்பட்டினம் கடற்கரையில் நண்பர்களோடு எங்கள் வீட்டுக் காரை வைத்து இதை முயன்று பார்க்கப் போகிறானாம். மணலில் விழுந்தால் அடிபடாது என்கிறான். அவனுக்கு என்ன சொல்வது?
– வாசகி, மஞ்சக்குப்பம்

ப: அம்மா, இதை அவரிடமே படிக்கக் கொடுங்கள். வண்டி பற்றித் தெரிந்தவர் என்றால் அவருக்குப் புரியும்.

முதலில் டிஃபரன்ஷியல், அதாவது இன்ஜினின் சுழற்சியை இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் அமைப்பு. வீட்டுக் காரில் இருப்பது, எந்தச் சக்கரம் சுலபமாகச் சுற்றுகிறதோ அதற்கு வேகத்தைத் தரும் சாதாரண டிஃபரன்ஷியல். ஒரு பக்கம் காற்றில் எழும்பியதும் அந்தச் சக்கரம் வெறுமனே சுற்றும்; தரையில் உள்ள சக்கரத்துக்கு இழுவை போகாது. வேகம் குறையக் குறைய, ஸ்டீரிங்கால் காரை நிறுத்தும் திறனும் போய்விடும். சாகசக் காரில் இரண்டு பக்கமும் சேர்ந்து சுற்றும்படி டிஃபரன்ஷியலைப் பூட்டியிருப்பார்கள்.

அடுத்தது டயர். நான்கு சக்கரம் சுமந்த எடை இரண்டுக்கு வருகிறது. ஆளோடு 1,070 கிலோ, அதில் 60 சதவீதம் முன்பக்கம் என்றால் தரையில் உள்ள முன்டயர் மட்டும் 640 கிலோ சுமக்கும். சிறிய கார்களில் பரவலாக இருக்கும் 165/80 ஆர்14 டயரின் பக்கத்தில் 85 என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். அதன் பொருள், ஒரு டயர் அதிகபட்சம் 515 கிலோ தாங்கும் என்பது. அதுவும் நேராக நிற்கும்போது. 54 டிகிரியில் டயர் தன் தோளிலும் பக்கச் சுவரிலும் ஓடுகிறது. 30, 33 பி.எஸ்.ஐ. காற்றோடு இருக்கும் டயரின் விளிம்பு, ரிம்மை விட்டு உரிந்து வரும். காற்று ஒரே நொடியில் இறங்கி ரிம் தரையில் குத்தினால், கார் அந்த இடத்திலேயே உருளும். சாகசக்காரர்கள் கீழே வரும் டயர்களில் காற்றை மிக அதிகமாக ஏற்றுவதும், பக்கச் சுவரை உறுதிப்படுத்திய டயர் போடுவதும் இதனால்தான்.

பிறகு இன்ஜின். அந்தச் சாய்வில் ஆயில் முழுவதும் சம்ப்பின் (இன்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி) ஒரு மூலைக்கு ஓடிவிடும். பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை இழுத்தால் பேரிங்குகள் சில நொடிகளில் உரசத் தொடங்கும். டாங்கில் பெட்ரோல் பாதிக்குக் குறைவாக இருந்தால் அங்கேயும் இதே கதி, இன்ஜின் நடுவில் அணையலாம். புதிய கார் என்றால் கவிழ்வதை உணரும் சென்சார் பக்கத் திரை ஏர்பேக்கை வெடிக்க வைக்கலாம். வண்டி சறுக்குவதாக நினைத்து ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் தானே ஒரு சக்கரத்துக்கு பிரேக் போடலாம். அந்த ஒரு இழுப்பு போதும் வண்டி புரள. சாதாரண சீட் பெல்ட்டும் பக்கவாட்டில் உடம்பைக் கட்டிப்போடாது. இடச் சக்கரங்களில் நின்றால் வலப்பக்கம் இருக்கும் ஓட்டுநர் மேலே தொங்கி, பக்கத்து சீட்டை நோக்கிச் சரிவார். அப்புறம் ஸ்டீரிங்கை எப்படிப் பிடிப்பது?

மணல் மெத்தை என்பது பெரிய தவறு. கார் விபத்தில் உருள்வதற்கு முக்கியக் காரணமே, பக்கவாட்டில் சறுக்கும் சக்கரம் எதிலாவது சிக்கித் தடுக்குவதுதான். அமெரிக்காவில் தனி வண்டி கவிழும் விபத்துகளை ஆராய்ந்ததில், ஏறக்குறைய 95 சதவீதம் இப்படித் தடுக்கி விழுந்தவையே என்று அந்நாட்டின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு சொல்கிறது. சக்கரம் தடுக்கிக்கொள்ள மணலைவிட வசதியான இடம் கிடையாது. இரண்டு டயர்கள் முழு எடையோடு மணலில் புதையும். திருத்துவதற்கு ஸ்டீரிங்கை ஒடித்தால் மணலை உழுதுகொண்டு நிற்கும். தார்த்தளத்தில் பிழைக்க வாய்ப்புள்ள ஒரு தவறு, மணலில் நேரே கூரைக்குக் கொண்டுபோகும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறோம். மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆம் பிரிவின்படி ஆபத்தாக வண்டி ஓட்டினால் முதல்முறை 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வேடிக்கை பார்க்க நிற்பவர்களைப் பற்றியும் உங்கள் மகன் யோசிக்கட்டும். கார் எந்தப் பக்கம் புரளும் என்பது ஓட்டுபவருக்கே தெரியாது.

கே: வளைவில் கார் போகிற வேகத்தில் ஆட்டோ போனால் ஒரு சக்கரம் தூக்குகிறது. ஏன்?
– ஆட்டோ ஓட்டுநர், முத்தியால்பேட்டை

ப: மூன்று சக்கர வண்டி கவிழும்போது, முன்சக்கரத்தையும் ஒரு பின்சக்கரத்தையும் இணைக்கும் சாய்கோட்டின் மேல் கவிழ்கிறது. பின்சக்கரங்களுக்கு நடுவே 1.15 மீட்டர் அகலம் இருந்தாலும், எடை இருக்கும் இடத்தில் அந்தக் கோடு உள்ளே வந்துவிடுவதால் உண்மையில் கிடைப்பது பக்கத்துக்குச் சுமார் 40 செ.மீ.தான். பயணிகளோடு ஈர்ப்பு மையம் 65 செ.மீ. உயரம் என்றால், அந்த அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 0.6. நம் காருக்கு அது 1.36.

15 மீட்டர் ஆரமுள்ள திருப்பத்தில் ஆட்டோ சுமார் 34 கி.மீ. வேகத்தில் சக்கரத்தைத் தூக்கும். கார் தூக்க 51 கி.மீ. வேண்டும், ஆனால் அதற்கு முன்பே, 39 கி.மீ. வேகத்தில் டயர் பிடி விட்டுச் சறுக்கிவிடும். கார் சறுக்கும், ஆட்டோ கவிழும், வித்தியாசம் அவ்வளவுதான். திருப்பத்துக்கு முன்பே பிரேக் போட்டு முடித்துவிடுங்கள். திரும்பிக்கொண்டே பிரேக் அடித்தால் எடை முன்னால் போகும். ஒற்றைச் சக்கரம் இருக்கும் பக்கம் அது. ஓட்டுநர் சீட்டில் பக்கத்துக்கு ஒருவரை உட்கார வைப்பதும் இதே கெடுதலைச் செய்யும்.

கே: பண்ருட்டியிலிருந்து நாலு சக்கர மினி லாரியில் பலாப்பழம் ஏற்றி வருகிறோம். குவித்து ஏற்றினால்தான் வாடகை கட்டுகிறது. கணக்குச் சொல்லுங்கள்.
– வியாபாரி, திருப்பாப்புலியூர்

ப: வண்டி 700 கிலோ, பழம் 600 கிலோ, சக்கர அகலம் 1.3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பழத்தைப் பரப்பி ஏற்றி அதன் நடுப்புள்ளி தரையிலிருந்து 1 மீட்டரில் இருந்தால், மொத்த ஈர்ப்பு மையம் 76 செ.மீ. குவித்து ஏற்றி பழத்தின் நடுப்புள்ளி 1.3 மீட்டருக்குப் போனால் மொத்த ஈர்ப்பு மையம் 90 செ.மீ. 20 மீட்டர் ஆரமுள்ள திருப்பத்தில் முதல் வண்டி 47 கி.மீ. வேகம் வரை கவிழாது. அதற்குள் 45-லேயே சறுக்கி உங்களை எச்சரித்துவிடும். இரண்டாவது 43-லேயே கவிழும், எச்சரிக்கை இல்லாமல்.

இவை காகிதக் கணக்கு. நிஜத்தில் ஸ்பிரிங் ஒருபக்கம் அமுங்கும், பழம் உருளும். அதனால் இன்னும் குறைந்த வேகத்திலேயே சாயும். பெரிய பழங்களை அடியில், கேபினை ஒட்டி அடுக்குங்கள். இடைவெளியில் வைக்கோல் அடைத்து, தார்ப்பாயின்மேல் கயிற்றைக் குறுக்காக இழுத்துக் கட்டுங்கள். வாடகைக்காக ஒரு பத்துப் பழம் கூடுதலாக வேண்டுமென்றால் உச்சியில் வைக்காமல் ஓரத்து இடுக்குகளில் வையுங்கள். குவித்துத்தான் ஆக வேண்டுமென்றால் திருப்பங்களில் 25-ஐத் தாண்டாதீர்கள்.

கே: இரண்டு சக்கர ஓட்டத்தில் உலக சாதனை என்ன?
– பள்ளி மாணவி, நெய்வேலி

ப: தூரத்தில், சுவீடனின் பெங்க்ட் நோர்பெர்க் 1989-இல் 310 கி.மீ.-க்கு மேல் ஓட்டினார். 7 மணி நேரத்துக்கும் அதிகமாக. வேகத்தில், பின்லாந்தின் வேசா கிவிமாக்கி 2016-இல் மணிக்கு 186 கி.மீ.-ஐத் தாண்டினார். அதற்கென்றே பக்கச் சுவரில் அராமிட் இழை சேர்த்த டயர்களை நோக்கியன் நிறுவனம் செய்து தந்தது.

கே: இ.சி.ஆரில் போகும்போது இடச் சக்கரங்கள் தாரை விட்டு மணலில் இறங்கிவிட்டால், அல்லது சென்டர் மீடியனில் ஒருபக்கம் ஏறிவிட்டால் என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், காலாப்பட்டு

ப: மணலில் இறங்கினால் ஸ்டீரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். பிரேக்கை மிதித்து அழுத்த வேண்டாம். வேகம் 30-க்கு வந்தபின் மெல்ல மேலே ஏறுங்கள். பதறி வலப்பக்கம் ஒடித்தால் டயர் தார் விளிம்பில் முட்டி நிற்கும், மேலும் ஒடிப்பீர்கள், திடீரென்று ஏறியதும் கார் குறுக்கே பாயும். அதைத் திருத்த இடப்பக்கம் ஒடிக்கும்போதுதான் பெரும்பாலும் உருள்கிறது.

மீடியன் கதை வேறு. அதன் சரிவான விளிம்பு, முன்பு சொன்ன சாய்தளமேதான். வலச் சக்கரங்கள் மேலே ஏறி கார் இடப்பக்கம் சாய்ந்தால் ஸ்டீரிங்கை இடப்பக்கம், தரையில் உள்ள சக்கரங்களின் பக்கம், அளவாகத் திருப்புங்கள், கார் இறங்கிவிடும். இறங்கிய நொடியே நேராக்குங்கள்.

கே: மழையில் எங்கள் டீசல் கார் வாய்க்காலில் சரிந்து ஒருக்களித்துக் கிடந்தது. கிரேன் வைத்து நிமிர்த்திவிட்டோம். வெளியே கீறல் மட்டும்தான். ஸ்டார்ட் செய்து ஓட்டிப் போகலாமா?
– வாசகர், அரியாங்குப்பம்

ப: சாவியைத் திருப்பாதீர்கள். பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றிவிட்டு, வண்டியைக் கட்டி இழுத்தே ஒர்க்‌ஷாப் கொண்டுபோங்கள். ஒருக்களித்துக் கிடந்த நேரத்தில் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கலாம். ஆயிலை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். டீசல் வண்டியில் இன்னொரு ஆபத்தும் உண்டு: காற்றுக் குழாய்க்குள் போன ஆயிலையே எரித்துக்கொண்டு, சாவியை அணைத்தாலும் நிற்காமல் இன்ஜின் தறிகெட்டுச் சுற்றும்.

மெக்கானிக் முதலில் ஏர் ஃபில்டரையும் அதன் குழாயையும் கழற்றி உள்ளே ஆயில் அல்லது தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கட்டும். குளோ பிளக்குகளை (டீசல் இன்ஜினின் சிலிண்டரைச் சூடேற்றும் பிளக்குகள்) கழற்றிவிட்டு, இன்ஜினைக் கையால் இரண்டு சுற்று திருப்ப வேண்டும். ஆயில் இருந்தால் அந்தத் துளைகளில் பீய்ச்சி வெளியேறும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வாய்க்கால் தண்ணீர் ஆயிலில் கலந்திருந்தால் டிப்ஸ்டிக்கில் பாலாடை நிறம் தெரியும். அப்படியென்றால் ஆயிலும் ஃபில்டரும் மாற்றியே ஆக வேண்டும். பிறகு பிரேக் ஆயில், கூலன்ட் அளவு. கீழே கிடந்த பக்கத்தில் லோயர் ஆர்ம், பால் ஜாயின்ட், ரிம், டயரின் உட்பக்கச் சுவர். அதில் கட்டை விரல் அளவு புடைப்பு இருந்தாலும் அந்த டயரை மாற்றிவிடுங்கள். வீல் அலைன்மென்ட் கடைசியில்.